எறும்பிடம் போன அன்று

பத்து வருடமாக ஞாயிறு பள்ளியில் பைபிளின் நீதிமொழிகள் புத்தகத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாம் அதிகாரம் வந்தால் ஒரே பாடம்தான், சோம்பலாக இருக்கக் கூடாது. "சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய், அதின் வழிகளைப் பார்த்து, ஞானத்தைக் கற்றுக்கொள்" என்பதை மனப்பாடம் செய்ய வைப்பேன், அடுத்த வாரம் ஒப்பிக்கச் சொல்வேன். அத்தோடு சரி.

போன மாதம் ஒரு பையன் கேட்டான்: "போய்ப் பார்னு போட்டிருக்கே டீச்சர், நாம எப்பப் போவோம்?"

எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனேன். சுவரோரம் எறும்பு வரிசை. ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய பூச்சி இறகு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தது. காற்றில் இறகு சாய்ந்தால் எறும்பும் கூடவே புரண்டது, பிடியை மட்டும் விடவில்லை. இறகு ஒரு விரிசலில் மாட்டியதும் சுற்றி வந்து மறுமுனையைக் கவ்வியது. வகுப்பில் ஐந்து நிமிடம் உட்காராத அந்தப் பையன் கால் மணி நேரம் குந்தியே இருந்தான். அப்புறம் கேட்டான்: "இதுங்களுக்கு யார் லீடர்? யாரும் யாரையும் விரட்டலையே?"

பைபிளைக் கையில் கொடுத்து அடுத்த வசனத்தை வாசிக்கச் சொன்னேன். "அதற்குப் பிரபுவும், தலைவனும், அதிகாரியும் இல்லாதிருந்தும்" என்று வாசித்தவன் நிமிர்ந்து என்னையே பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வசனம் சொல்லுமுன் அவன் கண் அதைப் பிடித்திருந்தது. ஆனால் வசனம் இல்லாவிட்டால் கேள்வியோடு வீட்டுக்குப் போயிருப்பான். இரண்டும் வேண்டியிருக்கிறது. "பார்த்து" என்ற சொல்லை இத்தனை வருடம் நான் தாண்டியே போயிருக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

*

சிஸ்டர், எனக்கு நடந்தது அதே நீதிமொழிகளின் 24-ஆம் அதிகாரத்தில். சோம்பேறியின் வயல் வழியாகப் போகிறவர் முள்ளையும் காஞ்சொறியையும் இடிந்த கற்சுவரையும் பார்க்கிறார். சொந்தக்காரனைத் தேடிப் போய்த் திட்டவில்லை. "அதைக் கண்டு சிந்தனைபண்ணினேன், அதை நோக்கிப் புத்தியடைந்தேன்" என்கிறார். மூல மொழியான எபிரெயத்தில் 'புத்தி' என்ற இடத்தில் வரும் 'மூசார்' என்ற சொல்லுக்குக் கண்டித்துத் திருத்துவது என்ற பொருளும் உண்டு. பிறனுடைய தோட்டத்தைப் பார்த்துக் கண்டிப்பைத் தனக்கே எடுத்துக்கொள்கிறார், என் புரிதல் அதுதான்.

சென்ற வருடம் வயதான நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். கூடப்பிறந்தவரோடு பேச்சை விட்டுப் பல வருடம். அலமாரியில் இருவரும் சிறுவர்களாக நிற்கும் படம், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். அவருக்கு எப்படிப் புத்தி சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தேன். பாதி வழியில் இந்த வசனம் நினைவுக்கு வந்தது. நானும் என் அண்ணனோடு பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது.

வீடு வரும் வரைகூடக் காத்திருக்கவில்லை. அங்கேயே நின்று போன் போட்டேன். மறுமுனையில் அண்ணன், "என்னடா, சாப்பிட்டியா?" என்றார்.