நெட்டைப்படம், அகலப்படம்: படத்துக்கு ஒரு சொல், பிடிக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உயரமாக வரும் படத்தைப் போர்ட்ரெய்ட் என்றும், அகலமாக வரும் படத்தை லேண்ட்ஸ்கேப் என்றும் ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, அந்த இரண்டுக்கும் தமிழ்ச்சொல் கேட்டு நான் இந்தக் குழுவில் எழுதி பத்து நாளாகிறது. வந்த சொற்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். என் கருத்து ஓரளவு தெளிந்திருக்கிறது. நீளமான மடல்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எதற்காகக் கேட்டேன் என்பதை அப்போது விளக்கமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர் வாசகசாலையில் பழைய தீபாவளி மலர்கள் சில இருக்கின்றன. தாள் பொடிய ஆரம்பித்துவிட்டது. ஸ்கேனரில் அழுத்தினால் முதுகு விட்டுவிடும் என்பதால், பிள்ளைகள் எட்டுப் பேரை வைத்துத் திறன்பேசியிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்தோம். செய்முறைத் தாளில் "போனை நீளவாக்கில் பிடித்து எடுக்கவும்" என்று எழுதிக் கொடுத்தது நான். நிமிர்த்திப் பிடிப்பதைத்தான் நினைத்து எழுதினேன். பாதிப் பேர் போனைப் படுக்கவைத்து எடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் படத்தின் நடுவில் ஒடுங்கிக் கிடக்க, இரண்டு பக்கமும் மேசைதான் தெரிந்தது.

பிள்ளைகள் மேல் தவறில்லை. நீளம் என்றால் ஓலைச்சுவடியும் ரயிலும்தான் கண்ணுக்கு வரும். இரண்டும் படுத்துக் கிடப்பவை. ஆகவே நீளவாக்கு, அகலவாக்கு என்ற இணையை முதலிலேயே விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அச்சகங்களில் புழங்கும் நல்ல சொற்கள்தான், ஆனால் கேட்பவர் எந்தப் பக்கத்தை நீளம் என்று கொள்கிறாரோ அதன்படி பொருள் புரண்டுவிடுகிறது. நெடுக்கு, குறுக்கு என்று எழுதிய நண்பருக்கும் இதையே சொல்வேன். குறுக்கும் நெடுக்கும் நடக்கிறோம் என்றால் இரண்டும் தரையில்தானே? நெடுமரம் நிற்கிறது, நெடுஞ்சாலை கிடக்கிறது.

அடுத்து உருவப்படம், நிலத்தோற்றம். இது நேர் மொழிபெயர்ப்பு. இதற்கு நான் கடுமையாகவே மறுப்புச் சொல்கிறேன்.

ஆங்கிலத்திலேயே அது ஓவியத்திலிருந்து வந்த ஆகுபெயர். ஆளை வரைந்தால் உயரமான சட்டம், நிலக்காட்சியை வரைந்தால் அகலமான சட்டம். பிரான்சில் கித்தான் (ஓவியம் வரையும் துணி) அளவுகளுக்கே இப்படிப் பெயர் வைத்திருந்தார்கள். 10ஆம் எண் கித்தானில் பெரிய பக்கம் எப்போதும் 55 செ.மீ. சிறிய பக்கம் உருவத்துக்கு 46, நிலக்காட்சிக்கு 38, கடற்காட்சிக்கு 33. கவனியுங்கள், அங்கே மூன்று பெயர்கள். கடற்காட்சியை விட்டுவிட்டு மற்ற இரண்டும் தாளுக்கும் திரைக்கும் வந்து சேர்ந்தன. அந்த வரலாறு அவர்களுடையது. நாம் ஏன் அதைச் சுமக்க வேண்டும்? ஸ்ரீரங்கத்து 13 நிலை ராஜகோபுரத்தை எடுக்கிற எவரும் போனை நிமிர்த்தித்தான் எடுப்பார். அதை உருவப்படம் என்றால் யாருடைய உருவம்? கல்யாண மேடையில் நாற்பது பேர் நிற்கும் படத்தை நிலத்தோற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2016இல் ஐபோன் 7 பிளஸ் வந்தபோது, ஆளைத் தெளிவாகவும் பின்புலத்தை மங்கலாகவும் காட்டும் வசதிக்குப் போர்ட்ரெய்ட் என்றே பெயர் வைத்தார்கள். மற்ற பல போன்களிலும் இப்போது அதுவே பெயர். ஆக, போர்ட்ரெய்ட் வசதியை வைத்து லேண்ட்ஸ்கேப் படம் எடுக்கலாம். இந்தக் குழப்பத்தை அப்படியே மொழிபெயர்த்து நம் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. உருவப்படம் என்பது ஆளைப் பற்றிய படத்துக்கும், நிலக்காட்சி என்பது நிலத்தைப் பற்றிய படத்துக்கும் இருக்கட்டும்.

சரி, செங்குத்து, கிடைமட்டம்? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆனால் செங்குத்து என்ற ஒரே சொல் இங்கே மேல்கீழ் நிலையையும் குறிக்கிறது, ஒரு கோட்டுக்கு 90 பாகையில் நிற்கும் இன்னொரு கோட்டையும் குறிக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அண்ணா இதைத்தான் சுட்டிக்காட்டினார். இலங்கைப் பாடநூல்களில் மேல்கீழுக்கு நிலைக்குத்து, படுக்கைக்குக் கிடை. செங்குத்து இரண்டாவது பொருளுக்கு மட்டும். அந்தப் பிரிப்பு மிக நேர்த்தியானது. அவர் முன்வைத்த நிலை, கிடை என்ற இணையில் நான் மூன்று நாள் மயங்கிக் கிடந்தேன் என்றே சொல்லலாம். நில், கிட என்ற இரண்டு வினைகளும் நமக்கு எவ்வளவு பழக்கம்! பெருமாள் கோயில்களில் நின்ற திருக்கோலம், இருந்த திருக்கோலம், கிடந்த திருக்கோலம் என்றுதானே சொல்கிறோம். மதுரைக் கூடலழகர் கோயிலில் ஒரே விமானத்தில் மூன்று கோலங்களையும் சேவிக்கலாம். சதுரப் படத்துக்கு இருந்த கோலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றுகூட மனம் ஓடியது.

ஆனால் வாசகசாலை மேசைக்குத் திரும்பிய உடனே அந்த இணை விழுந்துவிட்டது. காரணம் இதுதான். மேசையில் விரித்த பக்கத்தை மேலிருந்து எடுக்கும்போது போன் நிற்கவே இல்லை. எப்படித் திருப்பினாலும் அது தரைக்கு இணையாகக் கிடக்கிறது. நிலை என்றாலும் செங்குத்து என்றாலும் அங்கே பொருளில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல் எங்கே தடுமாறுகிறதோ அதே இடத்தில் கருவியும் தடுமாறுகிறது. போனைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கேமரா உணரியும் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) கூடவே திரும்பும். பெரும்பாலான போன்களில் உணரியின் நீண்ட பக்கம் போனின் நீண்ட பக்கத்தோடு ஒத்துப்போகிறது. நிமிர்த்திப் பிடித்து எடுத்தால், பல போன்கள் புள்ளிகளைப் படுத்த வரிசையாகவே எழுதி, கூடவே ஒரு குறிப்பையும் வைக்கும்: "காட்டும்போது வலமாக 90 பாகை திருப்பு." படம் எடுத்த விவரங்களைப் படக்கோப்பிலேயே எழுதிவைக்க 1995இல் ஜப்பானில் உருவான எக்ஸிஃப் வரையறையில் இதற்கு ஓர் இடம் உண்டு. 1 என்றால் அப்படியே காட்டு, 6 என்றால் வலமாக 90 பாகை, 3 என்றால் தலைகீழ், 8 என்றால் இடமாக 90 பாகை. எந்த எண்ணை எழுதுவது என்பதை முடுக்கமானி சொல்கிறது. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து அது கீழ்ப்பக்கத்தைக் கண்டுபிடிக்கும். போன் தரையைப் பார்த்துக் கிடந்தால், இழுப்பு திரைக்கு நேர் குறுக்காகப் போகிறது. நான்கு விளிம்பில் எது கீழ் என்று போனுக்குத் தெரியாது. கடைசியாக இருந்த நிலையையோ, கை லேசாகச் சாய்ந்த பக்கத்தையோ வைத்து எழுதிவிடும். சரியாகப் பிடித்த பிள்ளைகளின் படங்களிலும் முப்பது நாற்பது பக்கங்கள் பக்கவாட்டில் சாய்ந்து வந்தது இதனால்தான். அவற்றை நான் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன்.

அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. நாம் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம், ஆனால் இங்கே இருப்பது இரண்டு பொருள். ஒன்று, கருவியை எப்படிப் பிடிக்கிறோம் என்பது. மற்றது, கிடைத்த படம் எந்த வடிவில் இருக்கிறது என்பது. ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் ஒட்டிவைத்துவிட்டன, போனில் இரண்டும் ஒன்றாகவே நடப்பதால் நாமும் கவனிக்கவில்லை. 1959இல் வந்த ஒலிம்பஸ் பென் கேமராவை நினைத்துப் பாருங்கள். 35 மி.மீ. படச்சுருளில் வழக்கமான 36க்கு 24 சட்டத்தை அது பாதியாக்கி, 18 மி.மீ. அகலம் 24 மி.மீ. உயரம் என்று எடுத்தது. சாதாரணக் கேமராபோலப் பிடித்தால் உயரமான படம், திருப்பிப் பிடித்தால் அகலமான படம். 2025இல் வந்த ஐபோன் 17இல் முன்பக்கக் கேமராவின் உணரி சதுரம். போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே அகலமான தற்படம் எடுக்கலாம். பிடிக்கும் முறைக்கும் படத்தின் வடிவத்துக்கும் இடையே இருந்த முடிச்சு இனி அவிழ்ந்துகொண்டேதான் போகும். இப்போதே பிரித்துப் பெயர் வைத்தால் நல்லது.

என் பரிந்துரை இது.

படத்துக்கு: நெட்டைப்படம், அகலப்படம். நெட்டை என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம், பேச்சுவழக்குச் சொல்லாயிற்றே என்று. ஆனால் அது ஏற்கெனவே கலைச்சொல்தான். தென்னையில் நெட்டை ரகம், குட்டை ரகம் என்று விவசாயியும் வேளாண் துறையும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். மெண்டலின் பட்டாணிச் செடியை நாம் பள்ளியில் நெட்டை, குட்டை என்றே படித்தோம். நெடு என்பது கிடப்பதற்கும் நிற்பதற்கும் பொதுவாக இருக்க, நெட்டை என்றால் நிற்பது மட்டும்தான். நெட்டைச் சாலை என்று யாரும் சொல்வதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அது எனக்குப் பிடித்துப்போயிற்று. எதிர்ச்சொல்லாகக் குட்டையை வைக்காமல் அகலத்தை வைத்திருக்கிறேன். குட்டைப்படம் என்றால் ஏதோ குறைந்துபோன படம்போலத் தோன்றும்.

பிடிக்கு: நேர்ப்பிடி, குறுக்குப்பிடி. இவை தரையைப் பொறுத்தவை அல்ல, பிடிப்பவரின் உடம்பைப் பொறுத்தவை. போனின் மேல்விளிம்பு நம்மிலிருந்து நேராக விலகியோ மேலேயோ இருந்தால் நேர்ப்பிடி. போனின் நீண்ட பக்கம் நமக்குக் குறுக்கே கிடந்தால் குறுக்குப்பிடி. மேசைமேல் கவிழ்த்துப் பிடித்தாலும், கோபுரத்தைப் பார்த்து அண்ணாந்து பிடித்தாலும் பொருள் மாறாது. குறுக்கு என்பதை மேலே தள்ளிவிட்டு இங்கே எடுத்துக்கொள்கிறாயே என்று கேட்கலாம். படத்தின் வடிவத்துக்குத்தான் அது பொருந்தவில்லை. உடம்புக்குக் குறுக்கே என்றால் யாரும் தடுமாற மாட்டார்கள். நேர்ப்பிடியில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் உண்டு, சாயாமல் பிடிப்பது என்றும் அதைக் கொள்ளலாம். அதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் மனமார ஏற்றுக்கொள்வேன்.

சில வாக்கியங்களை ஓட்டிப் பார்க்கிறேன். "புத்தக அட்டைக்கு நெட்டைப்படம் வேண்டும்." "அகலப்படத்தை நெட்டையாக வெட்டினால் ஓரத்தில் நிற்பவர்கள் போய்விடுவார்கள்." "ஒலிம்பஸ் பென்னை வழக்கம்போல் பிடித்தால் நெட்டைப்படம் வரும்." "போனைக் குறுக்குப்பிடியில் வைத்து மேடை முழுவதையும் எடுங்கள்." வாய்க்கு வருகின்றன. அச்சிடும் பெட்டியில் ஏ4 தாளுக்கும் நெட்டை, அகலம் என்று இரண்டு பொத்தான் வைத்தால் போதும். திசையமைவு (ஓரியன்டேஷன்) என்ற தலைப்பு தேவைப்படும் இடத்தில் தாள்வாக்கு, படவாக்கு என்று எழுதலாம். சாய்வாக்கு, போகிற வாக்கு என்பதில் வரும் அதே வாக்குதான். தேர்தல் வாக்கோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். படவாக்கு என்று சேர்த்து எழுதும்போது குழம்பாது என்றே நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்து அண்ணாவிடம் ஒரு வேண்டுகோள். நெட்டை என்ற சொல் உங்கள் பக்கத்தில் படத்துக்குப் பொருந்தி ஒலிக்கிறதா என்று வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். இரண்டு கரையிலும் ஒத்துவராத சொல்லை நான் வலியுறுத்த மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருக்கும் மூன்று மலர்களை எடுக்கிறோம். செய்முறைத் தாளைத் திருத்தி எழுதிவிட்டேன்: "ஒற்றைப் பக்கத்துக்கு நேர்ப்பிடி. நடுப்பக்கப் படங்களுக்குக் குறுக்குப்பிடி. எடுத்தவுடன் திரையில் எழுத்து நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும்." விளக்கம் எதுவும் சொல்லாமல் தாளை மட்டும் கையில் கொடுக்கப் போகிறேன். எத்தனை பேருக்குப் புரிந்தது என்பதைத் திங்கட்கிழமை இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
வாசகசாலையிலிருந்து