சுவரில் குத்தினால் கை இறுகுமா? மகிவாரா நடுவது எப்படி?

பிரவுன்பெல்ட்19:
வணக்கம். கோஜு ரியு கராத்தே, நாலாவது வருஷம், வயது 19. மொட்டை மாடிச் சுவரில் சாக்கை மடித்துக் கட்டி, 5 வாரமாகத் தினமும் கைக்கு 100 குத்து. இப்போது வலது கையில் சுண்டுவிரல் மொளிக்குப் பின்னால் வீக்கம், பேனா பிடித்தாலே வலிக்கிறது. தொடரலாமா? முறையான மகிவாரா (குத்திப் பழக மண்ணில் நடும் பலகை) நட அளவு வேண்டும். முன்கையோடு முன்கை மோதும் கோத்தே கித்தாயேயும் தொடங்க ஆசை.

வைக்கோல்கயிறு:
தம்பி, முதலில் குத்துவதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். சுண்டுவிரலுக்கான உள்ளங்கை எலும்பின் கழுத்துதான் தப்பாகக் குத்துபவர்களுக்கு முதலில் உடையும் இடம். கையை மடக்கும்போது சுண்டுவிரல் மோதிரவிரல் மேல் ஏறினாலோ, மொளி மேடு அமுங்கித் தெரிந்தாலோ இன்றைக்கே போங்கள்.

குத்து இறங்க வேண்டியது சுட்டுவிரல், நடுவிரல் மொளிகளில். அந்த இரண்டு எலும்புகளும் மணிக்கட்டோடு இறுகப் பிணைந்தவை. மோதிரவிரல், சுண்டுவிரல் எலும்புகள் அசைந்து கொடுக்கும். மணிக்கட்டு கொஞ்சம் மடங்கினாலும் அடி அந்தப் பக்கம் சரிந்துவிடும். களைத்த பிறகு குத்தும் 60, 70வது குத்துகளில் இதுதான் நடக்கும்.

5 வாரம் என்பதும் முக்கியம். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று யூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதினார். ஆனால் மாறும்போது உடம்பு முதலில் பழைய எலும்பைக் கரைக்கிறது, அதற்கு ஏறக்குறைய 3 வாரம். அந்தக் குழியை நிரப்பி இறுக்க 3 மாதம் போல ஆகும். கரைந்தது நிரம்பும் முன்பே தினமும் இடித்தால் விரிசல்தான் மிச்சம்.

இனி மகிவாரா. சுற்றிய வைக்கோல் என்பதுதான் சொல்லின் பொருள். வைக்கோலைவிட முக்கியம் பலகையின் வளைவு. முடிச்சில்லாத, நேர் ரேகையுள்ள 7 அடி மரம், அடியில் 4 அங்குலச் சதுரம். பின்பக்கத்தை மட்டும் செதுக்கி, உச்சியில் அரை முதல் முக்கால் அங்குலத் தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். 3 அடி மண்ணுக்குள். அடிக்கும்போது தரைமட்டத்தில் மரம் பின்னால் தள்ளும், குழியின் அடியில் முன்னால் உதைக்கும். அதனால் மரத்தை இறுக்கக் குழிக்குள் வைக்கும் இரண்டு கற்களில், மேல் கல்லை மரத்துக்குப் பின்னாலும் கீழ்க் கல்லை முன்னாலும் வைத்து மண்ணை இடியுங்கள். மாற்றி வைத்தால் ஒரே மாதத்தில் ஆடும்.

தேங்காய் நார்க் கயிறு தோலை உரிக்கும். பருத்திக் கயிறோ தோலோ சுற்றுங்கள். வாரம் 3 நாள், கைக்கு 15 குத்து, பலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அடித்த கை பலகையோடு ஒட்டியபடியே பின்னால் போக வேண்டும். பட்டதும் பலகை கையை உதறித் தள்ளினால் தடிமன் அதிகம், இன்னும் செதுக்குங்கள். தோல் உரிந்தால் கை சறுக்குகிறது என்று பொருள். எண்ணிக்கையைக் கூட்டாமல் கோணத்தைத் திருத்துங்கள். 3 மாதம் இதே அளவு.

சான்சின்நடை:
மேலே சொன்னது அத்தனையும் சரி. கோத்தே கித்தாயே பற்றி மட்டும்: மோத வேண்டியது முன்கையின் சதைப் பகுதி. சுண்டுவிரல் பக்க எலும்பின் விளிம்பில் தோலுக்கு அடியில் சதையே இல்லை, அங்கே இறங்கும் அடி எலும்பை உடைக்கும். மணிக்கட்டிலிருந்து 4 விரல், முழங்கையிலிருந்து 4 விரல் விட்டுவிடுங்கள். முழங்கையின் உட்புறம் நரம்பு ஓடுகிறது.

கைக்கு 10 மோதல், 3 சுற்று, 2 விநாடிக்கு ஒன்று. படும் நொடியில் மூச்சை விட்டு, சான்சின் (மூச்சோடு உடம்பை இறுக்கி அடியெடுத்து வைக்கும் கராத்தே பயிற்சி வரிசை) போல இறுக்கி, உடனே தளர்த்துங்கள். வேகத்தை இளையவர்தான் தீர்மானிக்க வேண்டும். சீனியர் வேகம் கூட்டுவது பயிற்சியே இல்லை. முந்தைய கன்றல் மஞ்சளாகி மறையும் வரை அடுத்த முறை வேண்டாம்.

பிரவுன்பெல்ட்19:
நன்றி அண்ணா. நாளை காலை எக்ஸ்ரே. வீக்கத்துக்கு வீட்டில் நல்லெண்ணெயைக் காய்ச்சி உருவிவிடுகிறார்கள், செய்யலாமா?

சான்சின்நடை:
எலும்பு முறிவு இல்லை என்று தெரியும் வரை உருவவே கூடாது. சதையில் அடிபட்டாலும் முதல் 48 மணி நேரம் சூடும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம், அவ்வளவுதான். சதைக்குள் கட்டிய ரத்தத்தை உடனே கசக்கினால் கசிவு கூடும்; சில சமயம் அந்த இடம் எலும்பாகவே இறுகிவிடுகிறது. பிறகு மாதக்கணக்கில் கை முழுதாக நீட்ட வராது.

வைக்கோல்கயிறு:
கை ஆறும் வரை சும்மா இருக்க வேண்டாம். இடது கைக்கு நிகிரி காமே உண்டு: வாய் அகன்ற ஜாடியின் விளிம்பை விரல் நுனிகளால் பிடித்துத் தூக்கி, சான்சின் அடியெடுத்து நடங்கள். முதலில் வெறும் ஜாடி, பிறகு வாரத்துக்கு ஒரு கைப்பிடி மணல். எக்ஸ்ரே முடிவை இங்கேயே எழுதுங்கள்.