மென்பொருளுக்குள் விரிதாள் வைக்கப்போன அனுபவம்: கிளிநொச்சி நெல் கணக்கு

கிளிநொச்சியிலிருந்து:

போன காலபோக அறுவடைக்கு முன், பரந்தன் பக்கம் நெல் வாங்கும் ஒரு ஆலைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். சி ஷார்ப் நிரல்மொழி, விண்டோஸ் திரைகளை அமைக்கும் வின்ஃபோர்ம்ஸ். ஆலையில் இருந்தது விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி. சி ஷார்ப் மென்பொருள் ஓடத் தேவையான டொட்நெட் ஃபிரேம்வேர்க் அதில் 4.8 க்கு மேல் போக வழியில்லை. புதிய லைப்ரரிகள் (நம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) பல அந்த இடத்திலேயே கழிந்துபோயின.

கணக்கு எழுதுகிற அக்கா பல வருடமாக எக்செல்லில் பழகியவர். அவர் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, பெட்டி பெட்டியா நிரப்புற படிவம் எனக்கு வேண்டாம். என்டர் தட்டினா கீழ போகோணும். மேல இருக்கிறதை இழுத்துவிட்டா கீழ நிரம்போணும். லொறி வாசல்ல நிக்கேக்க மவுஸைத் தேட ஏலாது."

முதலில் எக்செல்லையே உள்ளே இருந்து இயக்கிப் பார்த்தேன். அந்தக் கணினியில் எக்செல் நிறுவியிருக்க வேண்டும். நம் மென்பொருள் எக்செல் மீதான பிடியை ஒழுங்காக விடாவிட்டால், மூடிய பிறகும் எக்செல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதை விட்டுவிட்டு லைப்ரரி தேடினேன். இரண்டு கிழமை குழம்பியதற்குக் காரணம், 'ஸ்ப்ரெட்ஷீட் லைப்ரரி' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்கள் கிடைப்பதுதான். ஒன்று கோப்பை வாசித்து எழுதுவது. இன்னொன்று சூத்திரத்தைக் கணிப்பது. மற்றது திரையில் நிரை (கிடைவரிசை), நிரல் (நெடுவரிசை), கலம் (பெட்டி) என்று காட்டித் தட்டச்சு செய்யவிடுவது. குளோஸ்ட்எக்ஸ்எம்எல் கோப்பு வேலையை நன்றாகச் செய்கிறது, எம்ஐடி உரிமம் (வணிகத்துக்கும் இலவசம்), ஆனால் திரையில் காட்ட அதில் எதுவும் இல்லை. ரியோகிரிட் திரைக்கானது, அதுவும் எம்ஐடி. கடைசியில் இரண்டையும் சேர்த்துத்தான் வைத்தேன்.

தெரிவு செய்யும்போது எனக்கு அதிகம் உதவியது அக்காவின் பழைய கோப்புதான். வசதிப் பட்டியலை ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு லைப்ரரியின் சோதனைப் பதிப்பிலும் அதைத் திறந்தேன்.

விவசாயிகளின் பெயர்கள் பாதி யூனிகோடில், பாதி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். பாமினியில் எழுத்துரு போனால் பெயரே போய்விடும். கலத்துக்குள் கிடப்பது வெறும் ஆங்கில எழுத்துகள். மதிப்பை மட்டும் எடுத்து எழுத்துருவைக் கைவிடும் லைப்ரரியில், எது பாமினி, எது உண்மையிலேயே ஆங்கிலம் என்று பிரிக்கவே முடியாது. கலத்தின் எழுத்துருப் பெயரைப் பார்த்து யூனிகோடாக மாற்றுவதற்கு ஒரு துண்டு நிரல் எழுதினேன். இந்த வேலையில் எனக்கு அதிக நிறைவு தந்த பகுதி அதுதான்.

பிறகு அடையாள அட்டை இலக்கம். பழையதில் கடைசியில் ஆங்கில 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்து இருப்பதால் அது உரையாகவே நிற்கும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டை எண்ணை விரிதாள் வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு 1.98 என்று தொடங்கிச் சுருக்கிக் காட்டும். தொலைபேசி இலக்கத்தின் முன் பூச்சியமும் போய்விடும். அந்த இரண்டு நெடுவரிசைகளையும் முதலே உரை என்று பூட்டிவிடுங்கள்.

கழிவுக் கணக்குத்தான் நெஞ்சில் நின்றது. ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் போனால் கிலோவில் கழிப்பார்கள். முழுக் கிலோவாக்கும்போது எக்செல் 12.5 ஐ 13 ஆக்கும். சி ஷார்ப்பின் மாத் ரவுண்ட் கட்டளை, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், 12 ஆக்கும். அரையை இரட்டை எண்ணின் பக்கம் தள்ளுவது அதன் வழக்கம். தாளில் ஒன்று, பற்றுச்சீட்டில் ஒன்று. மூடை சுமந்து வந்த மனிதரின் முன்னால் ஒரு கிலோ வித்தியாசம் சின்ன விசயம் இல்லை.

முள்ளியவளையிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்ன அந்த மூன்றாகப் பிரிப்பது எனக்கு முதலே தெரிந்திருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும். நான் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பைதன் நிரல்மொழியில் எழுதினேன். பைதனின் ஓபன்பைஎக்ஸ்எல் லைப்ரரி சூத்திரத்தைக் கோப்பில் எழுதிவைக்கும், கணிக்காது. எக்செல்லில் திறந்தால் விடை வரும், அதனால் எனக்குப் பிழை தெரியவில்லை. தலைவர் வட்ஸ்அப்பில் வந்ததைத் தொலைபேசியின் முன்பார்வையில் பார்த்தால் மொத்தத் தொகை வெறுமை. "பிள்ளை, காசு எங்கே?" என்று கேட்டார். அன்றிரவே மொத்தங்களை நிரலிலேயே கணித்து, எண்ணாக எழுதும்படி மாற்றினேன். சூத்திரம் வேண்டிய தாளை வேறாக வைத்திருக்கிறேன்.

வவுனியாவிலிருந்து:

உரிமத்தையும் பாருங்கள், அதுவும் பதிப்பு வாரியாக. எக்செல் கோப்புக்கான ஈபிபிளஸ் லைப்ரரி 4 வரை எல்ஜிபிஎல் (காசு இல்லாத திறந்த மூல உரிமம்). 2020 இல் வந்த 5 ஆம் பதிப்பிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்குக் காசு கட்ட வேண்டும். உலாவியில் விரிதாள் காட்டும் ஹேண்ட்சன்டேபிளும் 2019 இல் அப்படி மாறியது. எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி யோசிக்காமல் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டார், வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கு முதல் நாள்தான் கண்டோம். இப்போது ஒவ்வொரு லைப்ரரியின் பதிப்பு எண்ணையும் பூட்டி, அந்த நாளைய உரிமக் கோப்பை நிரலோடு சேர்த்து வைக்கிறோம்.

கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள் அண்ணா? இங்கே ஒரு கோப்பு அப்படியே போய்விட்டது.

கிளிநொச்சியிலிருந்து:

ஓம், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். எக்செல்லின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உள்ளே ஒரு சிப் (பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய) கோப்பு. உள்ளே எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அதன் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். சேமிக்கும்போது நடுவில் மின்சாரம் நின்றால் அட்டவணை இல்லாத கோப்புத்தான் மிஞ்சும், திறக்காது. பழைய கோப்பின் மேல் நேரே எழுதாதீர்கள். பக்கத்தில் தற்காலிகப் பெயரில் எழுதி, ஒருமுறை திறந்து பார்த்து, பிறகு பெயரை மாற்றுங்கள். பழையதை அழிக்காமல் நாள் போட்டு ஒதுக்கிவையுங்கள்.

ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் உடனே பதிகிறேன். எக்செல் கோப்பு பின்னேரம், ஆலை பூட்டும் நேரத்தில் ஒருதரம்தான் உருவாகும். அறுவடை நேரம் இரண்டு தரம் மின்சாரம் போனது. அக்கா கணினியைத் திரும்பப் போட்டு, விட்ட நிரையிலிருந்தே தொடர்ந்தார்.