பழைய போர்டு எழுத்தைப் புதுக் கடைக்கு எழுதியபோது: மூன்று பேரின் அனுபவம்

தையல் கடை தொடங்கிய தோழிக்கு அந்தக் காலத்துப் போர்டு மாதிரியே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். முதலில் கம்ப்யூட்டரில்தான் உட்கார்ந்தேன். பழைய சாயல் உள்ள ஒரு ஃபாண்ட்டை எடுத்து, ஓரங்களைத் தேய்ந்தது போல ஆக்கி, அச்செடுத்துச் சுவரில் ஒட்டிப் பார்த்தோம். பெயரில் இரண்டு 'க' இருந்தன. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல். அப்போதே தெரிந்துவிட்டது, இது ஆகாது.

பெயரில் ஒரு 'லை'யும் இருந்தது. 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு எழுதிய போர்டுகளில் 'லை' இன்று நாம் எழுதுவது போல இருக்காது. ஐகாரக் குறி தனியாக முன்னால் நிற்காமல், யானைத் தும்பிக்கை போல வளைந்து எழுத்தோடு ஒட்டியிருக்கும். யூனிகோடில் அதற்கெனத் தனி இடம் கிடையாது. பழைய வடிவம் வேண்டுமென்றால் அதை வரைந்து வைத்திருக்கும் ஃபாண்ட் வேண்டும், இல்லாவிட்டால் கைதான் வேண்டும். சரி, பிரஷை எடுத்தேன்.

பென்சிலால் எழுத்தின் ஓரத்தை வரைந்து, உள்ளே பெயிண்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். வேலையை எட்டிப் பார்க்க வந்த வயதான பெயிண்டர் ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் சொன்னார்: "தம்பி, நீங்க எழுதல, பெயிண்ட் அடிக்கிறீங்க."

தட்டைப் பிரஷை எனாமலில் நனைத்து, மடித்த பத்திரிகைத் தாளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக இழுத்தார். உளி முனை போல முடியெல்லாம் ஒரே கோட்டில் நின்றது. இடது கையில் ஒரு நீளக் குச்சி, அதன் துணி சுற்றிய முனை போர்டில், அந்தக் குச்சிமேல் வலது கை. 'ல'வின் முதல் வளைவுக்கு ஒரே இழுப்பு. வளைவு திரும்பும் இடத்தில் பிரஷின் காம்பை இரண்டு விரலுக்கு நடுவே அவர் உருட்டியதைக் கண்ணால் பிடிக்கவே எனக்கு நாலைந்து முறை ஆயிற்று. தடிமன் கூடுவதும் குறைவதும் அந்த உருட்டலில்தான் வருகிறது. ஓரம் வரைந்து நிரப்பினால் எழுத்து செத்துப்போகிறது.

இன்னொன்றும் சொன்னார். 'ட'வின் அடி கோட்டில் தட்டையாக உட்காரும். 'ல'வின் வளைவோ கோட்டைத் தொட்டால் போதாது, ஒரு மயிரிழை கீழே இறங்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து எழுத்தைவிடச் சின்னதாகத் தெரியும். இடைவெளியை நான் ஸ்கேல் வைத்துச் சமமாக அளந்திருந்தேன். 'ட'வின் வலது மேல்பக்கம் திறந்து கிடப்பதால், அடுத்த எழுத்தை அதனிடம் நெருக்கி வைக்கச் சொன்னார். எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி.

தாளில் மறுபடி எழுதிப் பழகி, நன்றாக வந்ததைப் போர்டுக்கு மாற்றினேன். கோடு நெடுகப் பொடித் துளை போட்டு, கரித்தூள் கட்டிய துணியால் ஒற்றும் பழைய முறைதான். துளை போடத் தோழியின் தையல் பெட்டியில் இருந்த பல்சக்கரமே போதுமாக இருந்தது! எழுத்துக்கு நிழல் போல வரும் ஷேடை அதோடு ஒட்டாமல் மெல்லிய இடைவெளி விட்டுப் போட்டோம். தூரத்திலிருந்து அந்த இடைவெளிதான் எழுத்தைத் தூக்கிக் காட்டுகிறது.

* * *

மேலே சொன்னவர் பலகையில் எழுதினார். நான் செய்தது கண்ணாடிக் கதவில், மெல்லிய தங்க ரேக்கில். எல்லாம் தலைகீழ் வேலை. போர்டில் பின்புலம் முதலில், எழுத்து கடைசியில். கண்ணாடிக்கு உள்பக்கத்திலிருந்து வேலை செய்வதால் தங்கம்தான் முதலில். வெந்நீரில் துளி ஜெலட்டின் கரைத்துத் தடவி, ரேக்கை வைத்து, காய்ந்த பிறகு எழுத்தை இடவலம் மாற்றி பெயிண்டால் எழுதி, எழுத்துக்கு வெளியே மிஞ்சும் தங்கத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். முதல் தடவை ஜெலட்டின் கூடிப்போய்த் தங்கம் மங்கிவிட்டது, முழுவதையும் சுரண்டினேன். ஆனால் 'ழ'வை இடவலம் மாற்றி எழுதியபோதுதான் அதன் கீழ்ச்சுழி எப்படிப் போகிறது என்பதையே முதன்முதலாகப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எழுதும் எழுத்து!

* * *

மேலே அனுபவம் சொன்ன இருவருக்கும் என்னிடமிருந்து ஒரு வேண்டுகோள். மாதிரிக்குப் பழைய போர்டு கிடைத்தால் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். எங்கள் கடைக்கு வாங்கிய மரப்பலகையில் எழுத்து அழிந்துவிட்டது என்றே நினைத்தோம். இரவில் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தபோது முழு வரியும் தெரிந்தது. பெயிண்ட் இருந்த இடத்தில் மரம் வெயில் மழையில் அவ்வளவாகத் தேயவில்லை, எழுத்து லேசாக மேடிட்டு நின்றது. டிரேசிங் பேப்பரை மேலே வைத்து அப்படியே எடுத்தோம். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அந்தப் பழைய பலகையை எழுதிய பெயிண்டர் அதைக் கொஞ்சம் ஒடுக்கி எழுதியிருக்கிறார். எங்கள் போர்டில் இடம் தாராளமாக இருந்தும் அதை ஒடுக்கியே எழுதினேன்.