ஏழு வயது மகள் தம்பியைத் தூக்குவதும் ஆடு ஓட்டுவதும்: மானிடவியல் என்ன சொல்கிறது?

கேள்வி: காங்கேயத்து மருமகள்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் வளர்ந்த நான், திருமணத்துக்குப் பின் காங்கேயத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஒன்றரை. பள்ளி விட்டு வந்ததும் மகள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொள்கிறாள். சாயங்காலம் அவளுடைய ஆத்தாவோடு, அதாவது என் மாமியாரான அத்தையோடு, கொறங்காட்டுக்கு (வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்துக்கு) போகிறாள். ஆடுகள் கடவை (வேலியில் விட்ட வழியை) தாண்டி உள்ளே வந்ததும் படலை இழுத்துச் சாத்திக் கயிற்றை மாட்டுவது அவள் பொறுப்பு. யாரும் ஏவுவதுகூட இல்லை. ஆத்தா தொரட்டியை எடுத்தால் இவள் செருப்பைத் தேடுகிறாள்.

அத்தைக்கு இதில் பெருமை. எனக்கோ, பிள்ளையின் விளையாட்டு நேரம் போகிறதே என்ற கவலை. பெற்றோர் நாள்தோறும் சிறிது நேரமாவது குழந்தையோடு உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று பள்ளிக் கூட்டத்தில் சொன்னார்கள். வீட்டில் அதைச் சொன்னபோது, "பெரியவங்க உக்காந்து சொப்பு வெச்சு வெளையாடுவாங்களா?" என்று அத்தை சிரித்துவிட்டார். பல சமூகங்களின் குழந்தைப் பருவத்தை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் இதைப் பற்றி என்ன கண்டிருக்கிறார்கள்? படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: கோபி நூலகவாசி

உங்கள் மகளின் வயதிலிருந்தே தொடங்கலாம். பார்பரா ரோகாஃபும் அவருடைய குழுவினரும் 1975இல், 50 சமூகங்களைப் பற்றிய இனவரைவியல் பதிவுகளை (ஒரு சமூகத்தோடு தங்கி அதன் வாழ்க்கையை எழுதிய குறிப்புகளை) எடுத்து, எந்த வயதில் பிள்ளைகளிடம் பொறுப்புகள் ஒப்படைக்கப்படுகின்றன என்று தேடினார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, கால்நடையை மேய்ப்பது, வீட்டு வேலையில் கைகொடுப்பது ஆகியவை பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்குவதாக அவர்கள் கண்டார்கள். ஆகவே உங்கள் அத்தை செய்வது உலக வழக்கத்துக்குப் புறம்பானதன்று.

அடுத்து, ஜான் வைட்டிங், பியாட்ரிஸ் வைட்டிங் தம்பதியர் 1950களில் தொடங்கிய ஆறு பண்பாட்டு ஆய்வு. கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஒகினாவா, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து, உத்தரப் பிரதேசத்தின் காலாப்பூர் என ஆறு இடங்களில் மூன்று முதல் பதினொரு வயதுவரையுள்ள பிள்ளைகளின் அன்றாட நடத்தையைச் சிறு சிறு நேரத் துண்டுகளாக எழுதி ஒப்பிட்டார்கள். 1975இல் வெளியான முடிவுகளின்படி, கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் கிராமங்களின் பிள்ளைகள் பிறருக்கு உதவுவதிலும் ஆதரவு காட்டுவதிலும் முன்னே நின்றார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் தமக்காக உதவியையும் கவனத்தையும் கோருவதில் முன்னே நின்றார்கள். முதல் வகை ஊர்களில் தாய்மார்களுக்கு வெளிவேலை அதிகம், ஆதலால் பிள்ளைகள் மீது விழும் வீட்டுப் பொறுப்பும் அதிகம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களுள் முதன்மையானது.

நம்மவர்கள் இந்த இடத்தில் "பார்த்தீர்களா, மேலைநாட்டு வளர்ப்பைவிட நம் வளர்ப்பே மேல்" என்று எழுந்துவிடுவார்கள். சற்றுப் பொறுக்க வேண்டும். இந்தியாவின் காலாப்பூர் இந்த அளவுகோலில் அமெரிக்க ஊரோடுதான் சேர்ந்து நின்றது. அங்கே ஆராயப்பட்டவை நிலமுள்ள ராஜபுத்திரக் குடும்பங்கள். பெண்கள் முற்றத்துக்குள்ளேயே இருப்பவர்கள். பிள்ளைகளிடம் எதிர்பார்த்த வேலையும் குறைவு. கிழக்கு, மேற்கு என்று பிரித்துப் பேசுவதைவிட, ஒரு வீட்டின் வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது, பிள்ளை யாரோடு பொழுதைக் கழிக்கிறது என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து. கைக்குழந்தையோடு இருக்கும் பிள்ளைக்கு, அந்தக் குழந்தையின் அழுகையும் பசியுமே பரிவைப் பழக்கிவிடுகின்றன.

பதில் 2: திருப்பூர் வாசகர்

மேலே எழுதியவரின் செய்திகளில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கள் ஊரில் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிந்தவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. "பிள்ளைகள் வேலை செய்து பழகுவது நம் மரபு" என்ற பேச்சுதான் பனியன் கம்பெனிகளிலும் தறிக் கொட்டகைகளிலும் சிறுவர்களை வைத்திருந்தவர்களுக்கு நெடுநாள் கைகொடுத்தது.

ஓல்கா நியூவென்ஹாய்ஸ் கேரளக் கடலோரக் கிராமம் ஒன்றில் செய்து 1994இல் நூலாக்கிய ஆய்வை இந்த விவாதத்தில் சேர்க்க வேண்டும். கயிறு திரிப்பதில் சிறுமிகள் செலுத்தும் உழைப்பு "வீட்டுக்கு ஒத்தாசை" என்ற பெயருக்குள் மறைந்து, கணக்கில் வராமலே போவதை அவர் காட்டினார். நம் பக்கத்தில் தறி ஓடும் வீட்டில் தார் (நெசவுக்கான ஊடை நூல்) சுற்றும் பெண்பிள்ளையின் நிலையும் இதற்கு வெகுதூரம் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவது எல்லாத் தொழில்களிலும் தடை செய்யப்பட்டது. எனினும் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் தரப்பட்டது. அந்த விலக்கின் வழியாக எது உள்ளே நுழைகிறது என்பதை யார் போய்ப் பார்க்கிறார்கள்? படலைச் சாத்தும் பிள்ளையை நான் சொல்லவில்லை. படிக்க உட்காரும் நேரத்தில் எழுப்பப்படும் பிள்ளையைச் சொல்கிறேன்.

காங்கேயத்து மருமகள்

இருவருக்கும் நன்றி. பாடம் படிக்கும் நேரத்தில் அவளை யாரும் எழுப்புவதில்லை. இன்னொரு ஐயம்: மகன் வளர்ந்து ஏழு வயதாகும்போது அவனிடம் யாரும் குழந்தையைத் தூக்கச் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. விளையாட்டைப் பற்றியும் யாரேனும் எழுதினால் நல்லது.

பதில் 3: கோவை ஆய்வு மாணவி

அக்கா, உங்கள் ஐயத்துக்கு நேராகவே ஒரு ஆய்வு உண்டு. கேரல் எம்பர் கென்யாவின் லூவோ சமூகத்தில் செய்து 1973இல் வெளியிட்டது. அங்கே வீட்டில் பெண்பிள்ளை இல்லாதபோது, பெண்களுக்குரியவை எனக் கருதப்படும் வேலைகள் சில சிறுவர்களுக்கு வந்துசேர்ந்தன. அப்படி வீட்டுக்குள் வேலை செய்து வளர்ந்த சிறுவர்கள் மற்றச் சிறுவர்களைவிடத் தன்னலத்தில் குறைந்தும் பிறர்நலம் பேணுவதில் கூடியும் இருந்தார்கள். உங்கள் மகனைப் பற்றி அத்தையிடம் பேச இது உதவலாம்.

விளையாட்டைப் பொறுத்தவரை, அத்தையின் சிரிப்புக்கும் ஆய்வுலகில் துணை இருக்கிறது. பெரியவர்கள் உட்கார்ந்து குழந்தையோடு விளையாடுவது மனித சமூகங்களில் பரவலான வழக்கமன்று, அது பெரும்பாலும் நகர்ப்புற நடுத்தர வகுப்பின் பழக்கம் என்று டேவிட் லான்சி 2007இல் வாதிட்டார். பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு, கண்ணெதிரே நடக்கும் பெரியவர்களின் வேலையைப் போலச் செய்து விளையாடுகிறார்கள். பெரியவர்கள் அதில் தலையிடுவதில்லை. உங்கள் மகள் ஆடு ஓட்டும் வழியில் விளையாடவே இல்லையா என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

ஆனாலும் பள்ளி சொன்னதைத் தள்ளிவிட முடியாது. ராபர்ட் லெவைனும் அவருடைய குழுவினரும் மெக்சிகோ உள்ளிட்ட நாடுகளில் செய்த ஆய்வுகளில், பள்ளியில் கூடுதல் ஆண்டுகள் படித்த தாய்மார்கள் கைக்குழந்தையோடு கூடுதலாகப் பேசுவதைக் கண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பேச்சு முறையைத் தாய் தன்னோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறாள் என்பது அவர்கள் தந்த விளக்கம். கோவையில் படித்த உங்களுக்கும் அத்தைக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் பாதி இதுதான் என்று எனக்குப் படுகிறது. வகுப்பறையில் கேள்விக்கு வாய்விட்டு விடை சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அந்தப் பேச்சும் தேவை; அதற்குத் தரையில் பொம்மை பரப்ப வேண்டும் என்பதில்லை, கொறங்காட்டுக்குப் போகும் வழியில் கிளுவை வேலியைப் பற்றிப் பேசினாலும் போதும்.

பதில் 4: கோபி நூலகவாசி

கொங்கு நாட்டைப் பற்றியே இப்படி ஆய்வு உண்டா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்து 1972இல் நூல் வெளியிட்டார். ஆனால் அவருடைய கவனம் சாதி, உறவுமுறை, சடங்கு ஆகியவற்றின் மேல் இருந்தது.

சகோதரி, வைட்டிங் குழுவினரின் முறையில் ஐந்து நிமிடத் துண்டுகளாக நீங்களே எழுதிப் பாருங்கள்: அந்த நேரத்தில் மகள் என்ன செய்தாள், உடன் யார் இருந்தார்கள், யாரேனும் ஏவினார்களா, தானாகச் செய்தாளா. பள்ளி நாளையும் விடுமுறையையும் தனித்தனியாக எழுதுங்கள். வேலை படிப்பு நேரத்தைத் தின்கிறதா என்ற திருப்பூர் நண்பரின் கவலைக்கான விடை அந்த இரண்டு பக்கங்களின் வேறுபாட்டில் கிடைக்கும்.