வெற்றிட ஆர்க்: இரு மின்வாய்களின் வெப்பத்தைக் கூட்டினால் 600 வாட் குறைகிறது, எங்கே போகிறது?

கேள்வி:
காற்று நீக்கிய சேம்பரில் செம்பு கேத்தோடு (எதிர்மின்வாய்), எதிரே தட்டையான செம்பு ஆனோடு (நேர்மின்வாய்), இடையே 100 ஆம்பியர் டிசி ஆர்க் (மின்வில்). இரண்டிலும் தனித்தனியே நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. கேத்தோடு வழி வரும் தண்ணீர் 9.9 டிகிரி சூடேறுகிறது, ஆனோடு வழி வருவது 15. கணக்குப்படி 690 வாட், 1050 வாட். பவர் சப்ளை மீட்டர் காட்டுவதோ 23.5 வோல்ட், அதாவது 2350 வாட். மீதி எங்கே?

மறுமொழி 1:
முதலில் அந்த 23.5-ஐ நம்பாதீர்கள். ஆர்க் அணையாமலிருக்கத் தொடரில் பாலாஸ்ட் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை நிலைப்படுத்தும் மின்தடை) வைத்திருப்பீர்களே, அது 25 மில்லி ஓம் என்றாலே 2.5 வோல்ட் போச்சு. கேபிளில் இன்னொரு அரை வோல்ட். மின்வாய்த் தண்டுகளிலிருந்தே தனி வயர் இழுத்து அளந்தால் 20 வோல்ட் பக்கம் வரும். செம்புக்கு அதுதான் வழக்கம். ஆர்க் வோல்ட்டேஜ் துடித்துக்கொண்டே இருப்பதால், கணத்துக்குக் கணம் V-ஐயும் I-யையும் பெருக்கி அதற்குச் சராசரி எடுங்கள்.

உங்கள் கேத்தோடு அளவு சரியாகவே படுகிறது. 690 வாட்டை 100 ஆம்பியரால் வகுத்தால் 6.9 வோல்ட், செம்பில் எதிர்பார்க்கும் அளவுதான்.

மறுமொழி 2:
அதையெல்லாம் கழித்தாலும் சுமார் 300 வாட் இடிக்கும். அது சேம்பர் சுவருக்குப் போகிறது. ஆர்க் மின்னோட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அயனிகளாகக் கேத்தோடிலிருந்து வெளியே பாய்கிறது. செம்பு அயனி ஒவ்வொன்றுக்கும் இயக்க ஆற்றல் மட்டுமே 50 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். தட்டையான ஆனோடு அதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். கேத்தோடைச் சுற்றி மூடும் கிண்ண வடிவ ஆனோடு போட்டுப் பாருங்கள், கூட்டுத்தொகை ஏறும். முடியாவிட்டால் சுவரில் செம்புக் குழாய் சுற்றி அதையும் மூன்றாவது கலோரிமானியாக்குங்கள் (வெப்பம் அளக்கும் கருவி).

மறுமொழி 3:
இரண்டு எச்சரிக்கை. 1 லிட்டர் ஓட்டத்தில் ஒரு டிகிரிக்கு 70 வாட். அரை டிகிரி பிசகினால் 35 வாட் பிழை. வெளியேறும் தண்ணீர் ஒரு வளைவு தாண்டிக் கலந்த பிறகு சென்சார் வையுங்கள். ஃப்ளோ மீட்டரை வாளியும் ஸ்டாப்வாட்சும் வைத்துச் சரிபாருங்கள், குழாயில் குமிழி இருந்தால் அது பொய் சொல்லும். தெர்மோகப்பிள் (வெப்பநிலை சென்சார்) முனை உறையோடு ஒட்டாத ரகமாக இருக்கட்டும். கே டைப் தெர்மோகப்பிள் டிகிரிக்கு 40 மைக்ரோவோல்ட்தான் தரும். கேத்தோடின் 20 வோல்ட் அதில் கசிந்தால் காட்டுவதெல்லாம் குப்பை.

அடுத்தது, தண்டுகளே மின்தடையால் சூடாகும். கேத்தோடையும் ஆனோடையும் தடித்த செம்புப் பட்டையால் பிரேஸ் செய்து (உலோகம் உருக்கிப் பற்றவைத்து) இணைத்து, ஆர்க் இல்லாமல் 100 ஆம்பியர் ஓட்டி, வரும் வாட்டைக் கழியுங்கள். வெறுமனே அழுத்தி வைத்தால் தொடுமுனைச் சூடும் சேர்ந்து வந்து, கழிக்க வேண்டியதைவிட அதிகம் கழித்துவிடுவீர்கள்.