பம்பாய்த் துறைமுகத்தில் இறந்த தீயணைப்பு வீரர்கள் போரில் இறந்தவர்கள் ஆவார்களா?

கேள்வி – இராயபுரத்துக்காரன்

எங்கள் தெருமுனையிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாள் காலையில் வீரர்கள் அணிவகுத்து நின்று மலர்வளையம் வைப்பதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். புத்தாண்டுக்காகக் கோயிலுக்குப் போகிற கூட்டம் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இவ்வாண்டு நிலைய அலுவலரிடம் கேட்டபோது, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களுக்கான நீத்தார் நினைவு நாள் அது என்றும், தீத்தொண்டு வாரம் அன்றுதான் தொடங்குகிறது என்றும் சொன்னார். அவர்கள் படையில் சேர்ந்தவர்கள் அல்லர். எதிரியின் குண்டுவீச்சிலும் இறக்கவில்லை. அப்படியிருக்க, அவர்களைப் போரில் இறந்தவர்கள் என்று கூறுவது பொருந்துமா?

மறுமொழி – பணி ஓய்வு பெற்ற தீயணைப்பாளர்

முழுக்கப் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன், தம்பி. விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ என்ற சரக்குக் கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் அதனுடன் சேர்த்தே அடுக்கப்பட்டிருந்தன. அமைதிக் காலத்தில் இப்படிச் சரக்கேற்ற எந்தத் துறைமுகமும் இசைந்திருக்காது. போரின் அவசரமே அதற்கு இடம் கொடுத்தது. வெடிபொருள் இருப்பதை அறிவிக்கும் சிவப்புக் கொடியும் அக்கப்பலில் ஏற்றப்படவில்லை.

பிற்பகலில் புகை தெரிந்ததும் பம்பாய்த் தீயணைப்புப் படையினர் வந்து, கப்பலின் அடித்தளத்துக்குள் நூற்றுக்கணக்கான டன் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். பொதிந்த பஞ்சில் பற்றிய தீ உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அடங்காது. மாலை 4:06 மணிக்கு முதல் வெடிப்பும், அரை மணி நேரத்துக்குள் அதைவிடப் பெரிய இரண்டாம் வெடிப்பும் நிகழ்ந்தன. 66 வீரர்கள் இறந்தார்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்து நின்றவனுக்குக் கப்பலின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதை உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டது, முப்பது ஆண்டுகள் அந்தக் குழாயைப் பிடித்த எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

மறுமொழி – வரலாறு படிப்பவள்

இலண்டனில் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 1938இல் அமைக்கப்பட்ட துணைத் தீயணைப்புப் படையில் சேர்ந்தவர்கள் சாதாரணக் குடிமக்கள். ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சு தொடங்கும் வரை, படைக்குப் போகாமல் ஒளிந்துகொள்பவர்கள் என்று அவர்களைப் பலர் ஏசினார்கள். 1940 செப்டம்பருக்குப் பின் அந்த ஏச்சு நின்றுவிட்டது. 1941 ஏப்ரல் 19 இரவில், பாப்லர் பகுதியில் தீயணைப்பு நிலையமாகப் பயன்பட்ட ஒரு பள்ளியின்மீது குண்டு விழுந்து, இரண்டு பெண்கள் உட்பட 34 பேர் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் பெக்கன்ஹாமிலிருந்து உதவிக்கு வந்தவர்கள். தூய பவுல் பேராலயத்தின் அருகே 1991இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில், அந்தப் போரில் இறந்த ஏறத்தாழ ஆயிரம் தீயணைப்புப் பணியாளர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. போர் முடிந்து நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பிறகே அது அமைந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில், போரில் இறந்த குடிமக்களின் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கும் நினைவேடுகள், எதிரியின் தாக்குதலில் இறந்தோரையே கணக்கில் கொள்கின்றன. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் பம்பாய் வீரர்கள் விடுபட்டுவிடுவார்கள். அளவுகோல்தான் குறுகியது என்பேன்.

மறுமொழி – துறைமுகத் தொழிலாளி மகன்

ஐயாவும் அம்மாவும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அன்று அங்கே மாண்ட நூற்றுக்கணக்கான சுமைதூக்குவோர், மாலுமிகள், படைவீரர்கள் ஆகியோரையும் சேர்த்தே நினைக்க வேண்டும். போர்க்காலத் தணிக்கையால் நாளிதழ்கள் உடனே விரிவாக எழுத முடியாமற்போனதால், மே மாதம் வரை வெளியூர்க் குடும்பங்களில் பலருக்குச் சரியான விவரம் எட்டியிருக்காது. 66 என்ற எண்ணை மட்டும் ஆண்டுதோறும் சொல்வதை விட, அணிவகுப்பின்போது பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கலாமே.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பெயர்களை வாசிப்பது பற்றியும், கப்பலில் நடந்ததைச் சில வரிகளில் எழுதி நிலைய வாசலில் வைப்பது பற்றியும் நிலைய அலுவலரிடம் இந்த வாரமே பேசுகிறேன். பலகைக்கான செலவை எங்கள் தெருக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.